யாருடையதென்று தெரியாத நடை

தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்த பிறகும் மனிதன் தன் சொந்த நடையை நடக்க முடியுமா? நடை ஆய்வாளரான எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அவரை மேதை என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரர், அவ்வளவுதான்.

தீப்பெட்டி அளவு சென்சார்களை, வருகிறவர்களின் இடுப்பிலும் கணுக்கால்களிலும் பட்டை வைத்துக் கட்டுவார். அவர்கள் நடந்தது பிறகு கணினித் திரையில் ஒரு குச்சி உருவமாக நடக்கும். முகம் கிடையாது, உடை கிடையாது, நடை மட்டும். மூட்டுவலிக்காரர்களின் நடையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயல்பான நடை வேண்டும். அதுதான் அகப்படவில்லை. பட்டையைக் கட்டியதுமே எல்லோரும் பரிசு வாங்க மேடையேறுகிறவர்கள் போல நிமிர்ந்துவிட்டார்கள்.

வீட்டிலும் முயன்று பார்த்தார். மாமியார் காலில் கட்டிவிட்டு, "சும்மா நடங்க அத்தை" என்றார்.

"சும்மான்னா எப்படி? நீ நடந்து காட்டு, அப்படியே நடக்கறேன்."

கணவர் பஸ் கண்டக்டர். கூடத்தில் காலை அகட்டி வைத்து, இல்லாத கம்பியைப் பிடித்தபடி நடந்தார். "ரைட் சொல்லு, இன்னும் நல்லா வரும்" என்றார்.

மாத முடிவுக்குள் இயல்பான நடை ஒன்றாவது கிடைக்காவிட்டால் ஆய்வை மூடிவிடுவேன் என்று ஆய்வு நிலைய இயக்குநர் கெடு வைத்தார். மூடினால் இவர் வேலையும் போகும்.

கெடுவின் கடைசி நாள். சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பதிவை ஓடவிட்டுத் தன் இடுப்பிலும் கணுக்காலிலுமே கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளத்தில் தண்ணீர்க்குழாய் உடைந்தது. கட்டியதை மறந்து படியிறங்கினார், வாளி தேடினார், பிளம்பரைத் திட்டினார், திரும்பி வந்தார். பட்டைகளை அவிழ்த்து, அன்று மற்றவர்கள் கழற்றிக் கொடுத்தவற்றோடு பெட்டிக்குள் போட்டார். பெட்டிக்குள் போனதும் அதுவும் அவர் நினைவிலிருந்து போய்விட்டது.

மாலையில் இயக்குநரோடு உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தார். விறைப்பான குச்சிகளுக்கு நடுவே ஒன்று, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு விரைந்தது.

"வாத்து மாதிரி இருக்கே! ஆனா துளி நடிப்பு இல்ல. யாரும்மா இது?"

"தெரியல சார். எவ்வளவு அசிங்கமா நடக்குது பாருங்க. இதைத்தான் சார் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்!"

அவரை அழைத்துப்போக வந்த கணவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். "என்ன முழிக்கறே? நீதான் அது. அடுப்புல பால் பொங்கினா இப்படித்தானே ஓடி வருவே?"

ஆய்வாளர் தன் நடையையே ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நாம என்ன பேரா எழுதறோம், நம்பர்தானே? உங்க வீட்டுக்காரர் சொன்னது என் காதுல விழல."

ஆய்வாளர் பதிவை மறுபடி ஓடவிட்டார். குச்சி உருவம் படியிறங்கியது, எதையோ தேடியது, யாரிடமோ சண்டை போட்டது. கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை பார்த்தார். பிறகு அதை அழித்தார்.

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். சொன்னபடியே ஆய்வு மூடப்பட்டது.

தெருவில் இறங்கியதும் கணவர் கேட்டார்: "ஏன் அழிச்சே? விதிக்காகவா, வாத்துன்னு சொன்னதுக்காகவா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்க."