சளிக்கு நண்டு ரசம்

மகளுக்குச் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் நண்டு ரசம் வைப்பார்கள். ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் நான் பழகிக்கொண்ட வழக்கம் அது. கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் காசிமேட்டில் மீன் விற்பவர். குழந்தை தும்மும் சத்தம் கேட்டால் போதும், நண்டுக் காலை மிளகோடு இடித்துக் கொதிக்கவைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்துவிடுவார். மற்ற நாட்களில் சின்னக் குழந்தைக்கு நண்டு கிடையாது, உடம்புக்குச் சூடு என்பார்.

போன மழைக்காலத்தில் ரசம் குடித்த மறுநாள் மகளின் முதுகெங்கும் தடிப்பு. ஓரிடத்தில் அடங்கினால் இன்னோரிடத்தில் சிவந்து கிளம்பியது. அடுத்த சளிக்கும் அப்படியே. நண்டுதான் காரணம் என்று நினைத்தேன். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூச்சே அடைத்துவிடலாம் என்று போனில் படித்தேன். மீன்கூட வேண்டாம் என்று நிறுத்தினேன். மகளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. சந்தையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள் என்று நாத்தனாரிடமும் சொன்னேன்.

“இன்னாமா இது? கடலை நம்பிப் பொயைக்கிற வூட்டுக் கொயந்தைக்கு நண்டு ஆவாதா? வெளிய சொன்னா சிரிப்பாங்க,” என்றார். பிறகு மேலே வருவதையே விட்டுவிட்டார். “அத்தை எங்கேம்மா?” என்று மகள் கேட்கும்போதெல்லாம், வேலையாக இருக்கிறார் என்றேன்.

அடுத்த சளி வந்தபோது வீட்டில் நண்டு வாசனைகூட இல்லை. ஆனாலும் தடிப்பு வந்தது. சோப்பை மாற்றினேன். துவைக்கும் பவுடரை மாற்றினேன். எண்ணூர்ப் பக்கமிருந்து ஆலைப் புகையோடு காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்தினேன். இன்னும் எதைத்தான் நிறுத்துவது? எனக்கே உடம்பு ஓய்ந்துபோனது. கடைசியில் கணவரும் நானும் குழந்தையை ஒவ்வாமை பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

“நண்டு சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல தடிச்சுது?”

“மறுநாள், டாக்டர்.”

“சாப்பாடு ஒத்துக்கலன்னா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும். சரி, சளி இல்லாத நாள்ல நண்டு குடுத்திருக்கீங்களா?”

நான் கணவரைப் பார்த்தேன். ஒருநாளும் கொடுத்ததில்லை.

கிருமி உள்ளே நுழைந்ததும் உடம்பின் எதிர்ப்பு சக்தி சண்டைக்குக் கிளம்புகிறது, சில குழந்தைகளுக்கு அந்தச் சண்டையில் தோலிலுள்ள செல்களும் சேர்ந்து பொங்கி ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன, அதுதான் தடிப்பு என்றார் டாக்டர். கிருமி போனதும் தானாக அடங்கும். வளர வளரக் குறையலாம். நண்டைப் பற்றிச் சந்தேகம் வேண்டாமென்று ரத்தமும் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்படியும் என் முகம் தெளியாததைப் பார்த்து, “சளி நல்லா விட்டப்புறம் நண்டு கொண்டு வாங்க. எங்க கண் முன்னாடியே குடுத்துப் பாப்போம்,” என்றார்.

நாத்தனாரிடம் போய்க் கேட்டேன். “ஆஸ்பத்திரிக்கே ரசம் கொண்டாரச் சொல்ற ஆளு நீதாம்மா,” என்று சொல்லி, சளி விட்டபின் டாக்டர் சொன்ன நாளில் சந்தைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு கரண்டி. பிறகு சதை. மகள் நண்டின் ஓட்டை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கேட்டாள். நான் அவள் சட்டையைத் தூக்கித் தூக்கி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யம்மா, கொயந்தைய உரிச்சுப்புடாத. வுடு,” என்றார் நாத்தனார்.

அன்றும் மறுநாளும் தடிப்பு வரவில்லை. ஆனால் போன வாரம் மறுபடி சளி, மறுபடி தடிப்பு. டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுத்தேன். இந்தமுறை நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை, அது அடங்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டியதுதான். பயம் மட்டும் போகவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் தூக்கோடு வாசலிலேயே நின்று, “குடுக்கலாமாம்மா?” என்று கேட்டார்.

கிண்ணத்தை எடுத்துவந்தேன்.