மைனாக்கள் குடிக்காத தண்ணீர்

சிதம்பரத்து மாடிவீட்டில், வெயில் ஏறாத இந்தக் காலையில், என் மகள் பழைய நகப்பூச்சை அசிட்டோன் தொட்டு அழிக்கிறாள். பழம் அழுகியது போன்ற அந்த நெடியில், கடலூரில் ரசாயன ஆலைச்சுவரை ஒட்டியிருந்த எங்கள் கொல்லை திரும்பி வருகிறது. இன்று அந்த இடம் சுவருக்கு உள்ளே போய்விட்டது.

சித்திரை விடியலில், கடல் பக்கம் மேகம் தெரிகிறதா என்று பார்த்தபடியே அப்பா கிணற்றில் இறைக்கும் முதல் வாளி, பறவைகளுக்காகக் கல்தொட்டியில் விழும். முருங்கையிலிருந்து மைனாக்கள் சளசளவென்று இறங்கி, குடித்து, குளித்து, சிறகை உதறிய பிறகுதான் எங்கள் குடம் நிறையும்.

தண்ணீரில் அந்த நெடி எழுந்த அன்று, அவை அலகை நனைத்தன, தலையை உதறின, குடிக்காமல் மரத்துக்கே திரும்பிவிட்டன.

"மைனாவுக்கு கோலி சோடா கேக்குது போலருக்கு" என்றார் அப்பா.

"சிரிக்காதீங்க. ஆலைத் தண்ணி கெணத்துல எறங்கிடுச்சி. நம்ம புள்ளைங்க இதத்தான் குடிக்குதுங்க" என்று அம்மா வெறுங்குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஆலையில்தான் அப்பாவுக்கு வேலை.

"சும்மா ஆலை ஆலைன்னாத. அதான் சோறு போடுது" என்றவர், இன்னொரு வாளி இறைத்து, அதைத் தூக்கி, அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தாமல், குரல்வளை ஏறி இறங்கக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இறங்கி வரவில்லை.

பிறகு எங்கள் குடத்தை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் இறைத்து ஊற்ற ஆரம்பித்தார்.