அம்மா வேண்டாம் என்ற காபி

எனக்கு விவரம் தெரிந்த நாளாக அம்மா காபியை வேண்டாம் என்று சொன்னதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னதில்லை. அப்பா போன அன்றுகூட, எல்லோரும் கலைந்த பிறகு, அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் அடையாறிலிருந்து பிளாஸ்க்கில் சுமந்து வந்த காபியைப் பார்த்து, "வேண்டாம்டா" என்றாள்.

மயிலாப்பூர் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. வீக்கம் வடிந்த பிறகுதான் ஆபரேஷன், அதுவரை காலைத் தரையில் ஊன்றவே கூடாது. பெண்கள் பொது வார்டு என்பதால் ஆண்களைக் காலையிலும் மாலையிலும் பார்வையாளர் நேரத்தில் மட்டும் உள்ளே விட்டார்கள். என் மனைவி மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தாள். அம்மாவுக்குத் துணையாக இருக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தபாடில்லை.

எனக்கு எதையும் குடைந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வீட்டில் ஓடாத மிக்ஸியைவிட ஓடுகிற மிக்ஸிகளைத்தான் அதிகம் கழற்றியிருக்கிறேன் என்பது மனைவியின் புகார். ஆகவே இந்தக் காபி விஷயத்தையும் விடவில்லை. முதலில் பிளாஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அடுத்து தூள். மாட வீதியில் என் கண்ணெதிரே அரைக்கச் சொல்லி வாங்கினேன். பிறகு பாலை மாற்றினேன். அம்மா ஒவ்வொரு முறையும் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "வாசனை நன்னாத்தான் இருக்கு" என்பாள். அப்புறம் கையை நீட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தண்ணீரும் மாத்திரை விழுங்கும் அளவுக்குத்தான். மூக்கு கேட்கிறது, வாய் மறுக்கிறது, இது என்ன கூத்து? உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் புதிர் கொஞ்சம் சுவாரசியமாகவே இருந்தது.

அந்தச் சுவாரசியம் டாக்டர் வந்ததும் போய்விட்டது.

"உடம்புல தண்ணியே இல்ல சார். கிட்னி டெஸ்ட் சரியா வரல. ஹார்ட் வீக்கா இருக்கறதால டிரிப்ஸும் நிறைய ஏத்த முடியாது. அவங்களாத்தான் குடிக்கணும். இல்லைன்னா ஆபரேஷன் தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளிப்போனா எலும்பு கோணலா சேர்ந்துக்கும், அப்புறம் நடக்கறது கஷ்டம்."

அம்மா மாடி வீட்டில் தனியாக இருப்பவள். நடக்க முடியாத அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலை டம்ளரும் கையுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கை எலும்பு முறிந்த நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் வாயைத் திறந்துவிட்டார்.

"இன்னா நைனா, அத்தப் போட்டு இம்சை பண்ணிக்கினு கீற? குடிச்சா ஒண்ணுக்கு வராது? கூப்ட்டா ஆரு வர்றா? டயபர் கட்டிக்கீது, அதுலயே போவச் சொல்றாங்க. உங்கம்மா மாட்டேங்குது. அடக்கிக்கினே கீது பாவம்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. மகனிடம் சொல்லக்கூடிய விஷயமா இது என்று அந்த முதுகே கேட்டது. இத்தனை நாள் பாலையும் தூளையும் ஆராய்ந்த என் மூளையை எதனால் அடிப்பது?

விறுவிறுவென்று நர்ஸ் மேஜைக்குப் போனேன். சுயநினைவோடு இருக்கிற மனுஷியைப் படுக்கையிலேயே போகச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்க வாக்கியமெல்லாம் தயார். வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு சிஸ்டர். கூட இருக்க வேண்டியவளை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியிருந்தார்களாம். ஆயா ஒருத்தி ஸ்கேன் எடுக்க யாரையோ தள்ளிக்கொண்டு போயிருந்தாள். சிஸ்டர் ஒரு கையால் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே, தோளில் இடுக்கிய போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு நீலத் தண்ணீர் பாட்டில் இருந்தது. காலையில் வந்தபோதும் அதைப் பார்த்திருந்தேன். அப்போதும் கழுத்துவரை தண்ணீர், இப்போதும் கழுத்துவரை தண்ணீர்.

அவள் போனை வைத்ததும், கேட்க வந்ததை விட்டுவிட்டு, "ஏம்மா, காலைலேருந்து தண்ணியே குடிக்கலியா?" என்று கேட்டேன்.

"குடிச்சா பாத்ரூம் போகணும் சார். வார்டை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

என் கோபம் குறையவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று. கீழே நிர்வாக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். "ஆள் எடுத்துட்டுதான் சார் இருக்கோம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மேலே வந்து அம்மாவிடம் பாட்டில் கதையைச் சொன்னேன். அவள் மெல்லத் திரும்பினாள்.

"அவளுமா?" என்றாள். "கோபாலபுரம் ஸ்கூல்ல எனக்கும் இதே கதிதான். டீச்சர்களுக்குன்னு ஒரு இடம் கிடையாது. கிளாஸை விட்டுட்டும் போக முடியாது. சாயங்காலம் ஆத்துக்கு வந்துதான் எல்லாம்."

பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மா கொல்லைப்பக்கம் ஓடும் ஓட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. திரும்பி வந்த பிறகே காபிக்கு அடுப்பு மூட்டுவாள். ஊர் மிக்ஸியையெல்லாம் கழற்றிப் பார்த்தவன் அந்த ஓட்டம் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சிஸ்டர் எதிர்க் கட்டிலுக்கு வந்தபோது அம்மா கை காட்டிக் கூப்பிட்டாள். பெட்பேன் கேட்கப்போகிறாள் என்று நான் எழுந்து நகர்ந்தேன்.

"நீ முதல்ல போயிட்டு வா" என்றாள் அம்மா. "நான் காத்துண்டு இருக்கேன். எனக்குப் பழக்கம்தான்."

சிஸ்டர் திகைத்துப்போய் வார்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"போ கண்ணு, எவளாச்சும் கூப்ட்டா நான் கொரல் குடுக்கறேன்" என்றார் மீன்காரம்மா. அந்தக் குரல் மெரினாவரை கேட்கும்.

சிஸ்டர் ஏறக்குறைய ஓடினாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், மூலையில் கிடந்த மடக்குத் திரையை இழுத்துவந்து அம்மா கட்டிலைச் சுற்றி நிறுத்தினாள். என்னை வெளியே அனுப்பினாள். பெட்பேனோடு திரைக்குள் போனாள், கழற்றிய டயபர் கூடையில் வந்து விழுந்தது.

வராந்தாவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"டேய், காபி இருக்கா?"

"ஆறிப்போச்சும்மா."

"பரவால்ல, கொண்டா. அவளுக்கும் ஒரு வாய் விடு."

வார்டில் அதற்கப்புறமும் ஆள் கூடவில்லை. மறுநாள் வேறு ஒரு சிஸ்டர், அவளும் தனி ஆள்தான். நான் பிளாஸ்க்கோடு நுழைந்தபோது அம்மா அவளை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போயிட்டு வந்துட்டியோ?"