திரையில் நளினியின் அம்மா

ஷார்ஜாவில் என் ரூம்மேட் நளினி. அவள்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

துபாய் திரைப்பட விழா ஒன்றில் ஆசியாவின் பழைய படங்களைப் புதுப்பித்துத் திரையிட்டார்கள். அதில் ஒரு தமிழ்ப் படம். நளினியின் அம்மா கல்யாணத்துக்கு முன்பு அதில் குரூப் டான்ஸ் ஆடியவர். நளினி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

பாட்டு வந்ததும், "ரெண்டாவது வரிசை, ஓரத்துல பாருடி!" என்று என் கையைக் கிள்ளினாள். ஒரு கீறல்கூட இல்லாத கறுப்பு வெள்ளையில் அந்த அம்மா பாடிச் சிரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மா போன வருடம் இறந்தார். லீவு கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்க மிஞ்சியது, கேமராவை முறைக்கும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இவளுக்கு மட்டும் இவ்வளவு பெரிய திரையில் அம்மாவா?

"குடுத்து வச்சவ நீ," என்றேன், வெளியே வந்ததும்.

"வாய்தான்டி அசையுது, பாடுறது வேற யாரோ. அம்மா குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நீதான் தினம் உங்கம்மா வாய்ஸ் மெசேஜ் கேட்டுட்டுத் தூங்குற. எனக்கு ஒண்ணு போட்டுக் காட்டேன்."

பஸ் ஸ்டாப்பில் போட்டேன். "சாப்டியாம்மா? ஏசிக்கு நேரா படுக்காத."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நளினி மெல்ல, "சரிம்மா," என்றாள். பிறகு, "இன்னொண்ணு?" என்று கேட்டாள்.

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. என் அம்மாவுக்கு அவள் பதில் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. இல்லாதவளுக்குத்தான் பொறாமை வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.