அண்ணி கையால் வாங்கிய தண்ணீர்

சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு அரியலூரில் உள்ள ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரியை என் கணவர் ஓட்டுகிறார். ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். கல்லை இறக்கச் சில நாள் நான்கு மணி நேரம்கூட ஆகும். அதுவரை டிரைவர்கள் லாரி நிழலில் துண்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். அவரும் ஆடுவார். அது எனக்குத் தெரியும். அதற்காக நான் பெரிதாகச் சண்டை போட்டதில்லை.

சண்டை வேறொன்றில் வந்தது. ஒருநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஓரகத்தி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவரிடம் கொடுத்திருக்கிறாள். அன்று அவருக்கு நல்ல சீட்டாக விழுந்தது. மறுநாளும் அவளிடமே கேட்டு வாங்கிப் போனார். மறுபடியும் ஜெயித்தார். அதற்கப்புறம் நான் பாட்டிலை நீட்டினால் கை நீட்டமாட்டார்.

"அங்க வை. அண்ணி வந்து தரட்டும்."

"ஏன், என் கையில என்ன முள்ளா இருக்கு?"

"கோச்சுக்காதடி. அண்ணி மூஞ்சப் பாத்துட்டுப் போனா ஜோக்கர் தானா வருது."

பதினொரு வருஷம் என் கையால் சாப்பிட்ட மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. அவள் துணி காயப்போடும்போது அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். அப்படி என்ன இருக்கிறது அதில்? அவள் கொடுத்தனுப்பியும் தோற்று வந்த நாட்கள் உண்டு. அன்றைக்கு, 'வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டேன்', 'சீட்டு பழசு' என்று ஏதாவது சொல்வார். ஜெயித்தால் மட்டும் அண்ணி. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பொறாமை அடங்கவில்லை.

ஓரகத்தி நடவுக்காகத் தா.பழூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போனாள்.

"அண்ணி வர்ற வரைக்கும் சீட்டத் தொடமாட்டேன்" என்றார் அவர். வேறு எவளாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, பாட்டிலோடு வாசலில் நின்றேன்.

"இன்னிக்கு நான் தரேன். ஒருதரம் ஆடித்தான் பாருங்களேன்."

அன்று ஜெயித்தார். மல்லிகைப்பூ வாங்கி வந்து, "ஒன் கையும் ராசியான கைதாண்டி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நானே அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் வழிச்செலவுக்குக் கொடுத்த பேட்டா காசு முழுவதும் போய், முகம் செத்து வந்தார். வரிசையில் அவர் முறை வந்தபோதும் எழுந்திருக்கவில்லையாம். பின்னால் நின்ற வண்டிகள் முந்திப் போய்விட, லாரி முதலாளி போனில் கண்டபடி பேசியிருக்கிறார்.

"ஏங்க எந்திரிச்சு வரல?"

"நாலு நாளும் ஒன் கை ஜெயிச்சுச்சே. இன்னும் ஒரு ஆட்டத்துல வந்துரும்னு தோணுச்சு."

நான் காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஓரகத்தி திரும்பி வந்த மறுநாளே பாட்டிலோடு அவள் வாசலில் போய் நின்றார். அவள் அதை வாங்கவில்லை.

"தம்பி, என் மூஞ்ச வச்சு சீட்டாட வேணாம். தண்ணிய நீங்களே புடிச்சுக்கிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் தெருக்குழாயில் போய்ப் பிடித்துக்கொண்டார். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அதை அவள் சொல்லிவிட்டாள் என்பதிலும் எனக்குப் பொறாமைதான்.

அவர் ஆட்டத்தை விடவில்லை. இப்போது முன்னால் நிற்கும் லாரியின் நம்பரைக் கூட்டிப் பார்க்கிறாராம். ஒற்றைப்படை வந்தால் ஆட உட்காருகிறார்.