பொட்டு வைத்த பைப்

எந்த வாகனத்தில் ஏறினாலும் என் கண் முதலில் டாஷ்போர்டுக்குத்தான் போகும். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி, மஞ்சள் நிறம். டயரில் காற்றுக் குறைந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு அது. எரியாவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு மட்டும் அது எரிந்தால்தான் மூச்சு வரும். முப்பது வருடம் டயர் கடையில் கை கறுத்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த விளக்கை அணைக்கப் போய்த்தான் என் அக்காவின் குடும்பத்தை நான் கெடுத்தேன். மற்றவர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கி வைத்தது நான்.

போரின் கடைசி வருடங்கள் அவை. அக்கா வீடும் எங்கள் வீடும் கண்டி மஹய்யாவையில் ஒரே சுவர். நான் கண்டி டவுனில் அப்பா வேலை செய்த அதே டயர் கடையில் வேலை செய்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களை உருட்டிக்கொண்டு போய்த்தான் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகளைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு அப்பா ஒரு பழைய டயரைக்கூட வாசலில் வைக்க விடவில்லை. டயருக்குப் பயப்பட வேண்டும் என்று அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அக்காவின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். அவர் ஹயருக்கு வேன் ஓட்டினார். ஜப்பானில் பாவித்துக் கப்பலில் வந்த வேன். அதன் நான்கு சக்கரத்துக்குள்ளும் காற்றை அளக்கும் சென்சர் இருந்தது. கட்டை விரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வால்வோடு சேர்த்து ரிம்முக்கு உட்பக்கம் பூட்டியிருக்கும். உள்ளே இருந்துகொண்டே டாஷ்போர்டுக்குச் செய்தி அனுப்பும். மச்சானுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. காலையில் வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயருக்கும் ஓர் உதை விடுவார். அந்தச் சத்தத்திலேயே எதில் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவார்.

பன்வில பக்கம் தோட்டத்துக் கல்யாணம் ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போனபோது குழியில் விழுந்து இரண்டு ரிம் நெளிந்துவிட்டது. அதே ரிம் கண்டியில் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் வேறு கம்பெனிக்காரன் செய்த அலோய் வீல் நான்கு கொழும்பிலிருந்து வந்தது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டின மாதிரி இருக்கு என்று ஒரு நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய சென்சர்களைக் கழற்றி அந்த வீலில் பூட்டப் பார்த்தேன். உட்கார மறுத்தன. வால்வ் ஓட்டை வேறு சரிவில் இருந்தது. இறுக்கினால் சென்சர் ரிம்மில் முட்டும், தளர்த்தினால் காற்றுக் கசியும். வாஷர் போட்டேன், ரப்பர் வெட்டிப் போட்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. புதுச் சென்சர் வாங்கினாலும் வேன் அதை ஏற்றுக்கொள்ளாது. ஒவ்வொரு சென்சருக்கும் ஓர் இலக்கம், அந்த இலக்கத்தை வேனுக்குப் பழக்க ஒரு மெஷின் வேண்டும். அந்த மெஷின் கண்டியில் யாரிடமும் இல்லை. சாதாரண வால்வைப் போட்டு ஓட்டினோம். விளக்கு பிடித்துக்கொண்டது. நிமிடத்துக்கு ஒரு தரம் பீப் என்று கத்தி உயிரை வாங்கியது.

மச்சானின் வாடிக்கைக்காரர்களில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரும் மனைவியும் கண்டியிலேயே தங்கிவிட்டவர்கள். அவர் முன் சீற்றில் இருந்துகொண்டு, "தம்பி, உந்த மஞ்சள் லைற் என்னத்துக்கு எரியுது? ஒருக்காப் பாருமன்," என்று ஒவ்வொரு பயணத்திலும் கேட்பார். அது போதாதென்று ஒரு ஹோட்டல், விளக்கு எரிகிற வேனைத் தன் ஹயர் பட்டியலில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியது. சுற்றுலாப் பயணிகள் குறைந்துபோன காலத்தில் அந்தப் பட்டியலில் ஏறினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. "என்னடா மச்சான், டயர்ல வேலை செய்யிற நீ, உனக்கே முடியலன்னா எப்பிடி?" என்று மச்சான் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு ரோசம் அதிகம். டோஹாவில் மெக்கானிக்காக இருந்த பழைய கூட்டாளியைப் போனில் பிடித்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா இவ்வளவு பாடு? நாலு சென்சரையும் ஒரு பைப்புக்குள்ள போட்டு, ரெண்டு பக்கமும் அடைச்சு, ஒரு வால்வ் வச்சுக் காத்தடி. வேனுக்குள்ள எங்கயாச்சும் போட்டுரு. டயருக்குள்ள இருக்கோம்னு அதுங்க நெனச்சுக்கும். இங்க எல்லாரும் இதத்தான் செய்யிறாங்க," என்றான். அங்கே பைப் என்றால் வெறும் பைப். எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. இந்த நாட்டில், அந்த வருடங்களில், ஒரு தமிழன் வேனுக்குள் இரண்டு பக்கமும் அடைத்த பைப்பை வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் அந்த விளக்கை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக் குசினியில் வைத்துச் செய்தேன். ஒன்றரை அடி பிவிசி பைப். சென்சர்கள் குலுங்காமல் இருக்க ஸ்பொஞ்சில் சுற்றி உள்ளே வைத்தேன். மூடிகளைப் பசை போட்டு ஒட்டி, ஒன்றில் ஓட்டை போட்டு வால்வைப் பூட்டினேன். காற்று முப்பத்தைந்து அடித்தேன். கசிவு இருக்கக்கூடாது என்று இரண்டு முனையிலும் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பின் சீற்றுக்கு அடியில், ஜாக் வைக்கும் இடத்தில் சொருகிவிட்டு, கட்டுகஸ்தோட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். பாலத்தைத் தாண்டும்போது விளக்கு அணைந்தது. மச்சான் வேனை ஓரம் கட்டி என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார்.

அடுத்த வாரமே ஹோட்டல்காரன் வேனைப் பட்டியலில் சேர்த்தான். ஒரு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீடுகளில் அன்றைக்குச் சோறு போடும் சாமான் எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். என் ஸ்பேனர்கள், மச்சானின் ஜாக், அக்காவின் அரிவாள்மனை, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "இதுவும் நமக்குச் சோறு போடுறதுதானே," என்று அக்கா அந்தப் பைப்பையும் வெளியே எடுத்து, நடுவில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமப் பொட்டு வைத்து, மஞ்சள் நூல் ஒன்றையும் சுற்றிக் கட்டினாள். நாங்கள் மூவரும் அதற்குச் சூடம் காட்டிக் கும்பிட்டோம். பொட்டை யாரும் துடைக்கவில்லை, அப்படியே சீற்றுக்கு அடியில் போனது.

கார்த்திகையில் ஒரு காலை, வாத்தியாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மச்சான் கொழும்புக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். வழக்கமாக மச்சானின் முகத்தைப் பார்த்ததும் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு முதியவர்களின் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வேனின் ஒவ்வொரு சீற்றையும் தூக்கினார்கள். பின் சீற்றுக்கு அடியில் பைப் கிடைத்தது.

அன்று மாலை வாத்தியார் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். "தம்பி, எங்களை விட்டிட்டினம். அவரை விடேல்ல. அது குண்டில்லை, ரயர்க் காத்தைப் பார்க்கிற சாமான் எண்டு நல்ல சிங்களத்திலதான் சொன்னவர். அப்ப ஏன் ரயருக்குள்ள இல்லை எண்டு கேட்டாங்கள். அதுக்கு அவரால ஒண்டும் சொல்ல ஏலாமப் போச்சு. நானும் கதைச்சுப் பார்த்தனான் தம்பி. என்ர கதையை ஆர் கேக்கினம்?"

கேள்வி நியாயமானதுதான். டயர்க் காற்றைப் பார்க்கும் சாமான் ஏன் டயருக்குள் இல்லை? அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். உடனே போயிருக்க வேண்டும், ஆனால் நான் போகவில்லை. "நீயும் போயி மாட்டிக்கிட்டா ரெண்டு வீட்டுக்கும் யாருடா இருக்கா?" என்று அக்கா தடுத்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு தரம்தான் சொன்னாள். மூன்றாம் நாள் அவளே பஸ்ஸுக்குக் காசு எடுத்து என் முன்னால் வைத்தாள்.

ஒன்பதாம் நாள், மச்சானை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். பழைய ரிம் ஒன்றையும் ஒரு வால்வையும் பையில் எடுத்துக்கொண்டேன். அங்கே இருந்த அதிகாரி அதட்டவில்லை, கதிரை தந்து உட்காரச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம். ரிம்மை மேசையில் வைத்து ஓட்டையைக் காட்டினேன், சரிவைக் காட்டினேன், அலோய் வீலில் ஏன் பூட்ட முடியாது என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். அவருக்குப் புரிந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சரி, ஏன் அதக் கும்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஐயா, நாங்க எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்போம். ஸ்பேனருக்கு, ஜாக்குக்கு, கத்திக்கு..."

"கத்திக்கும் வைப்பீங்களா?"

அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா காகிதத்தில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானை வெளியே எடுக்கப் போனவன் கத்தியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் நிமிர்ந்து, "இதச் செஞ்சது யாரு?" என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸிலும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். நான்தான் செய்தேன் ஐயா, அவருக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான் அந்த வாக்கியம். வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு கதவு அரைவாசி திறந்திருந்தது, உள்ளே சிமெந்துத் தரையில் யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்புக் கிடந்தது.

"மச்சான்தான் செஞ்சாரு," என்றேன்.

அதிகாரி தலையை ஆட்டினார். "ஆமா. அவரும் அப்பிடித்தான் சொல்லுறாரு."

ஒன்பது நாளாக அந்த மனிதன் என் பெயரைச் சொல்லாமல் உள்ளே இருந்திருக்கிறார். நான் ரிம்மைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, "எல்லாம் வெளக்கமாச் சொல்லிட்டேன்" என்று அக்காவிடம் சொன்னேன்.

பைப் சோதனைக்குக் கொழும்புக்குப் போனது. அதற்குள் இருந்தது காற்றுத்தான் என்று அறிக்கை வர அடுத்த ஆயுத பூஜையும் தாண்டிவிட்டது. அந்த வருடம் அக்கா சாமி படத்துக்கு முன்னால் ஒன்றையும் வைக்கவில்லை. அரிவாள்மனை குசினியில் கிடந்தபடி கிடந்தது. "நீ பைப்ப மட்டுந்தான் செஞ்ச. பொட்டு வச்சு அத அவங்களுக்குக் காட்டிக் குடுத்தவ நான்தான்," என்று ஒரு நாள் சொன்னாள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். அவள் சுமக்கிற பாரத்தில் பாதிக்கு மேல் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அவள் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைப் போல ஒரு தம்பி யாருக்கும் வாய்க்கக்கூடாது.

மச்சான் வந்தார். பாதி ஆளாக வந்தார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து வேனைத் திருப்பித் தந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து நான்கு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன. நான் காற்றடித்து, புது பெட்டரி போட்டு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். மச்சான் வெளியே வந்து வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைக்கவில்லை. டிரைவர் பக்கம் வராமல் மற்றக் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பீப் என்றது.

"எரியட்டும்," என்றார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவரே பேசினார். என் தொடையில் வலது கையை வைத்து, மெதுவாக, ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீ வந்துட்டுப் போனேன்னு சொன்னாங்க மச்சான். நான்தான் செஞ்சேன்னு நீயும் சொன்னியாமே. நான் பயந்துகிட்டே இருந்தேன்டா, நீ பாசத்துல வந்து உன் மேல போட்டுக்குவியோன்னு. நல்ல வேள, என் மனசு தெரிஞ்சு பேசிருக்க."

விளக்கு மறுபடியும் பீப் என்றது.

"ஆமா மச்சான்," என்றேன்.