மதினி சொன்னதும் நான் சொன்னதும்

அன்று மதினி வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று எப்போது கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். மூணாற்றுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லயத்தில் கடைசி வீடு அது. படியில் மதினி, அதாவது இறந்துபோன என் அண்ணனின் மனைவி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆராய்ச்சி மேடம். கொடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பக்கத்து வீட்டு அத்தை. நடுவில் குத்தவைத்து நான். மொத்தம் நான்கு பேர். மேடத்தின் மடியில் தீப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். உண்மையிலேயே பயப்பட வேண்டிய அந்த ஒன்றை எப்படி விட்டேன் என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

நான் ஜீப் ஓட்டுகிறவன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எனக்கு வருகிற கொஞ்சம் ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் என் வண்டியில் ஏறிய கெஸ்டுகள் விட்டுப்போனவை. மேடமும் முதலில் கெஸ்டாகத்தான் ஏறினார். வடக்கே ஏதோ பெரிய பல்கலைக்கழகம். டூரிசத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றார். ஹோட்டல் நடத்துகிற படிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் சுற்றுவதில் படிக்க என்ன மேடம் இருக்கிறது என்று சிரித்தபடி கேட்டும்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பார்க்க வருகிறவர் எதைப் பார்க்கிறார், ஊர்க்காரர் எதைக் காட்டுகிறார், எதைக் காட்டாமல் வைத்துக்கொள்கிறார், அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது. இதுதான் தன் பாடம் என்றார். 'காட்டாமல் வைத்துக்கொள்கிறார்' என்று அவர் சொன்ன இடத்தில் நான் அவசரமாகக் கையை நீட்டி எதிர்மலையைக் காட்டினேன். ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் முன்புதான் நான் ஹாரன் அடித்திருந்தேன்.

அந்த ஹாரனைச் சொல்லியாக வேண்டும். இப்போதெல்லாம் தேயிலையை யாரும் கையால் கிள்ளுவதில்லை. பெரிய கத்தரியால் வெட்டித்தான் எடுக்கிறார்கள். ஆனால் கெஸ்டுகளுக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு, அதை விரலால் கிள்ளி முதுகுக் கூடையில் போடுகிற பெண்கள். இப்படி ஏற்கனவே எங்கோ பார்த்த படம்தான் அவர்களுக்கு வேண்டும். அதனால் வியூ பாயிண்டுக்கு முந்தின வளைவில் நாங்கள் இரண்டு நீள ஹாரன் கொடுப்போம். சரிவில் நிற்கிற பெண்கள் கத்தரியைச் செடிக்குள் செருகிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு, கையால் கிள்ளுவதுபோல் நிற்பார்கள். படம் எடுத்தவர்கள் ஏதாவது கொடுப்பார்கள். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைத்ததே இல்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுகிறோமே, அதுமாதிரி என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் மேடம் கேட்டார்: "எதிரே வண்டி வராத வளைவில் தினமும் ஏன் ஹாரன் அடிக்கிறீர்கள்?" பழக்கம் மேடம் என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

அன்று மாலையே, பெண்களிடம் பேச வேண்டும், நீங்கள் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பெரிய படிப்பு படித்தவர் என்னைப் பார்த்து அதைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். மதினியிடம்தான் முதலில் கூட்டிப்போனேன். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் இத்தனை குழப்பமும் இல்லை.

மதினிக்கு அடுத்த மார்ச்சில் ஓய்வு. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதன்பிறகுதான் கம்பெனியிலிருந்து வர வேண்டிய பணம் வரும். இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கெஸ்டுகளை மதினி வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போவேன். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. லயத்தில் வியாபாரம் செய்யக்கூடாது என்பது கம்பெனி விதி. அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சூப்பர்வைசருக்கு ஒரு தொகை போகும். வெளியே தெரிந்தால் மதினியின் பணத்துக்கு என்ன ஆகுமோ என்று நான் தினமும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மேடம் கேட்ட முதல் கேள்வி சின்னதுதான். "படம் எடுக்கும்போது உங்க மனசுல என்ன தோணுதுன்னு கேக்காக, மதினி" என்றேன்.

மதினி மேடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவில்லை.

"படம் புடிக்கவன் மொகத்த எங்கய்யா பாக்கான்? கூடையத்தான் பாக்கான். கத்தரிய ஒளிச்சு வச்சிட்டு நிக்கோம்லா, அதச் சொல்லு. முப்பத்தாறு வருசமா இந்தச் சரிவுல நிக்கேன், மார்ச்சு வந்தா எறங்கிப் போன்னுருவாக. மலையப் பாக்க வாரவுகளுக்கு வழிநெடுக ரூம் கட்டியிருக்கு. மலையில கெடந்தவளுக்கு ஒரு ரூம் இல்ல. ஞாயித்துக்கெழம சோறு போடுதேன், அதுல சூப்பர்வைசருக்கு எரநூறு போவுது. அதையும் எழுதிக்கிடச் சொல்லு."

"இவ பேசுதத எழுதுததுக்கு அந்த நோட்டு பத்தாது மருமகனே" என்றாள் அத்தை, துணியைப் பிழிந்தபடி.

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு எழுத்து என்றாலே பயம். வாயால் சொன்னது காற்றோடு போகும், தாளில் ஏறியது ஏதாவது ஒரு ஆபீஸ் மேசைக்குப் போய்ச்சேரும் என்பது என் எண்ணம். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார். வருகிறவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. கடவுள் அழகான மலையைக் கொடுத்திருக்கிறார்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பேசினாரே" என்றார் மேடம். தமிழில் அதிகம் வார்த்தை வேண்டும் மேடம் என்று நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அன்று ஒரு மணி நேரம் இப்படியே போனது. மதினி கசப்பாகச் சொன்னதையெல்லாம் நான் இனிப்பாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. தான் சொன்னது போய்ச்சேர்ந்தது என்று நம்பித் தலையாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து மேடம் திரும்பி வந்தார். கூடவே மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி. அந்தப் பெண்தான் ஒலிப்பதிவைக் கேட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதியிருந்தாள். ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து மேடம் ஒரு தாளைக் காட்டினார். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் மதினி சொன்னது, மறுபக்கம் நான் சொன்னது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஏன் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். பயம் என்றேன். யாரிடம் பயம்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல்லத் தெரியாததையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, கெஸ்டுகளுக்குப் பிடித்ததையே சொல்லிச் சொல்லிப் பழகியவர் நீங்கள், என்னிடமும் அதையே செய்திருக்கிறீர்கள், என் ஆராய்ச்சியில் இது முக்கியமான இடம் என்றார். இது பாராட்டா, பழியா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். ஜீப்புக்காரனுக்கு முகம் பார்த்து ஆளை எடைபோடத் தெரியும் என்பார்கள். அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் கெஞ்சினேன். கடைசி வீடு, ஞாயிற்றுக்கிழமைச் சோறு என்று எழுதினாலே போதும் மேடம், இங்கே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும், எடுத்துவிடுங்கள் என்றேன். அதை உங்கள் மதினியிடமே கேட்கிறேன் என்றார். நீங்கள் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர்கள் மூவரும் படியில் பேசியதை ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மாணவி தாளைப் பார்த்து வாசிக்கிறாள், மதினி குனிந்து கேட்கிறாள். திடீரென்று, பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மதினி சிரிக்கவில்லை. எழுந்து நேராக ஜீப்புக்கு வந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"கொழுந்தனாரே, எம் வாய எப்பய்யா வாடகைக்கு எடுத்தீரு?"

"மதினி, உங்க பணத்துக்காகத்தான்..."

"நான் சந்தோசமா இருக்கேன்னு எழுதச் சொல்லியிருக்கீரு. கூடை தூக்கித் தூக்கி வளைஞ்ச தோளு இது. இன்னும் அஞ்சு மாசத்துல போயிருவேன். போனப்பொறவு இங்க ஒருத்தி இருந்தான்னு யாருக்குத் தெரியும்? நான் சொன்னத அப்படியே போடச் சொல்லிட்டேன். எம் பேரையும் போடச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் மதினி என்னோடு பேசவில்லை. இரவில் படுத்தால் ஒரே யோசனை. மதினியின் பணத்துக்காகப் பயந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் விஷயம் வெளியே வந்தால் எஸ்டேட் ரோட்டில் என் ஜீப்பை விடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எந்தப் பயம் முதலில் வந்தது? பிரித்துப் பார்க்கலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். முடியவில்லை. கடைசியில் மதினிக்குத் தெரியாமல் மேடத்துக்குப் போன் செய்து, பேரை மட்டுமாவது போடாதீர்கள் என்று மறுபடியும் கெஞ்சினேன். யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் வந்தது. மதினி வீட்டைக் காலி செய்தாள். பணமும் பெரிய தடங்கல் இல்லாமல் வந்தது. இப்போது மறையூரில் ரோட்டோரம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, முன்னால் இரண்டு மேசை போட்டு, யாருக்கும் ஒளிக்காமல் சோறு விற்கிறாள். சந்தனக்காட்டைப் பார்க்க வருகிற என் கெஸ்டுகளை ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இறக்கிவிடுவேன்.

போன மாதம் புத்தகம் தபாலில் வந்தது. முழுக்க ஆங்கிலம். அது வெளியாகி ஒரு வருடம் ஆகிவிட்டதாம். எந்த ஆபீசிலிருந்தும் யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பயந்த அந்த மேசைக்கு அது போகவே இல்லை போலிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். மதினி சொன்னது அப்படியே இருந்தது, எரநூறு ரூபாய் உட்பட. ஆனால் மதினியின் பேர் இல்லை. அந்த இடத்தில் செல்வி என்று வேறு யாரோ ஒருத்தியின் பேர் இருந்தது. மேடத்துக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். பேரை மாற்றுவது பல்கலைக்கழக விதி, நீங்கள் சொன்னதையும் யோசித்தேன் என்று பதில் வந்தது. விதியா, நானா? அதையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புத்தகத்தை மதினியிடம் கொண்டுபோனேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எம் பேரு எங்கன இருக்கு?"

நான் செல்வியைத் தொட்டுக் காட்டினேன். "இந்தா."

"இம்புட்டுச் சின்னதாவா போடுவாக?" என்று அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். வாசி என்றாள். வாசித்தேன். கூடை, கத்தரி, இல்லாத அறை, ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். செல்வி வந்த இடமெல்லாம் மதினியின் பேரைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை, "ஆமா, அப்படித்தான் சொன்னேன்" என்றாள்.

இப்போது அந்தப் புத்தகம் அவள் கடையில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில், நான் காட்டிய தாளில் அடையாளத்துக்கு ஒரு நூல்துண்டு வைத்து இருக்கிறது. "உன் கெஸ்டுக்கெல்லாம் இங்கிலீசு தெரியும்லா? கூட்டிட்டு வா. வாசிக்கச் சொல்லி, நாந்தான்னு காட்டுதேன்" என்கிறாள். இந்த ஞாயிறு பெங்களூரிலிருந்து ஆறு பேர் மறையூர் போக வேண்டும் என்று கேட்டார்கள். வேறு ஜீப்பைப் பேசி, சாப்பாட்டுக்கு வேறு கடையையும் சொல்லி அனுப்பிவிட்டேன். மதினியிடம் வண்டி ரிப்பேர் என்றேன்.

"போன வாரமும் ரிப்பேர்தானேய்யா" என்றாள் போனில். "நல்ல மெக்கானிக்கா பாரு."

பார்க்கிறேன் மதினி என்றேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.